கொத்து அரிசியும் கடன்காரன் கணக்கும்

ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் கொடுக்கும் பணத்திற்கு "உதவி" என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியாது. கெட்டிக்காரராகத்தான் இருக்கவேண்டும். திருப்பிக் கேட்காமல் கொடுப்பதைத்தான் நம் ஜனங்கள் உதவி என்பார்கள். வட்டியோடு கேட்டால் கடன் என்பார்கள். வட்டியும் வாங்கிக்கொண்டு, உன் வீட்டு உலையில் எத்தனை கொத்து அரிசி போடலாம், உன் பிள்ளைக்குப் பள்ளியில் பணிஸ் கொடுக்கலாமா கூடாதா என்பதையும் நானே தீர்மானிப்பேன் என்று ஒருவன் அடுப்படியில் வந்து நின்றால், அவனுக்கு நம் ஊரில் வைத்திருக்கும் பெயரைப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

இலங்கை இந்த விவகாரத்தில் நீண்ட அநுபவம் பெற்ற நாடு. சர்வதேச நாணய நிதியத்திடம் 1965 முதல் 2023 வரை 17 தடவை கைநீட்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி மருந்து, இதைக் குடித்தால் நோய் தீர்ந்துவிடும் என்றார்கள். 16 போத்தல் குடித்தும் தீராத நோய்க்கு 17-வது போத்தலை நீட்டும் வைத்தியரைப் பற்றி நோயாளி கேள்வி கேட்கக்கூடாதா?

நிதியத்தின் முதல் கடனுக்கும் 12 ஆண்டுகளுக்கு முந்தியது இந்தக் கதை.

1952 மே தேர்தலில் கொத்து அரிசி 25 சதத்துக்கே தொடர்ந்து கிடைக்கும் என்று சொல்லி யூ.என்.பி. வாக்கு வாங்கிற்று. அதற்குள்ளாகவே உலக வங்கியின் தூதுக்குழு ஒன்று நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. உணவு மானியம் நாட்டின் அபிவிருத்திக்குத் தடை, அதைக் குறைக்கவேண்டும் என்பது அந்தப் பெரிய மனிதர்களின் அபிப்பிராயம். 1953 ஜூலையில் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ரயில் கட்டணம் ஏறியது. தபால் கட்டணம் ஏறியது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. தேயிலையும் றப்பரும் ஏற்றி அந்நிய நாணயம் குவித்த கம்பெனிகளின் லாபத்தை அவர் அப்படித் தொடவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆகஸ்டு 12-ந் தேதி ஹர்த்தால் வந்தது. தெற்கிலும் மேற்கிலும் வண்டிகள் ஓடவில்லை, கடைகள் திறக்கவில்லை, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. மந்திரிசபை கரையில் கூடப் பயந்து, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற "நியூபவுண்ட்லண்ட்" என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்திற்று. சுதந்திரம் கிடைத்து ஐந்தாண்டு கழிந்த நாட்டின் மந்திரிகள், சொந்த ஜனங்களிடமிருந்து தப்ப வெள்ளைக்காரன் கப்பலைத் தேடி ஓடிய காட்சி அது. துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டார்கள். அக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். அரிசி விலை பிறகு ஓரளவு இறக்கப்பட்டது.

அதே காலத்தில் நடந்த இன்னொரு சம்பவம் இதைவிடப் படிப்பினை நிறைந்தது. கொரிய யுத்தத்தினால் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறி, நம் றப்பர் விலை சரிந்துகொண்டிருந்த நேரம். 1952 டிசம்பரில் இலங்கை மக்கள் சீனத்துடன் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 2,70,000 தொன் அரிசி வரும், 50,000 தொன் றப்பர் போகும், றப்பருக்கு உலகச் சந்தையைவிடக் கூடிய விலை. ஒப்பந்தத்தைச் செய்தது ஏதோ இடதுசாரி ஆட்சி அல்ல, அதே யூ.என்.பி. அரசாங்கத்தின் வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்காதான். பசி கட்சி பார்க்காது. ஆனால் வாஷிங்டன் பார்த்தது. எதிரி நாட்டுக்கு றப்பர் விற்பவர்களுக்கு உதவி கிடையாது என்று தன் சட்டத்தைக் காட்டிற்று. 1956 வரை அமெரிக்க உதவி இலங்கைக்குக் கிடைக்கவில்லை. நாடு அதனால் அழிந்துவிட்டதா? இல்லை. கூப்பன் அரிசி, இலவசப் பள்ளி, இலவச ஆஸ்பத்திரி ஆகிய மூன்றும் நிலைத்தன. 1946-ல் சுமார் 43 ஆக இருந்த சராசரி ஆயுள் 1960-களில் 60-ஐத் தாண்டிற்று. மானியம் அபிவிருத்திக்குத் தடை என்றவர்கள், மனிதன் கூடுதலாக உயிர் வாழ்வதை அபிவிருத்திக் கணக்கில் சேர்ப்பதில்லை போலும்.

எண்ணெய்க்கும் அரிசிக்கும் என்ன சம்பந்தம்?

1960-களின் ஆரம்பத்தில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அரசாங்கம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை அமைத்து, ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் கம்பெனிகளின் விநியோக நிலையங்களை எடுத்துக்கொண்டது. நட்டஈடு எவ்வளவு என்ற தகராறு முடியுமுன்பே, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்திற்று. 1965-ல் டட்லி சேனநாயக்கா மீண்டும் ஆட்சிக்கு வந்தார். கம்பெனிகள் திருப்திப்படும்படி நட்டஈடு தீர்க்கப்பட்டது. உடனே உதவிக் குழாய் திறந்தது. உலக வங்கி தலைமையில் உதவி நாடுகளின் குழு கூடிற்று. நாணய நிதியத்தின் முதற்கடனும் அந்த ஆண்டே வந்தது. அடுத்து என்ன? 1966 டிசம்பரில் வாராந்தம் இரண்டு கொத்தாக இருந்த பங்கீட்டு அரிசி ஒரு கொத்தாக்கப்பட்டது. அந்த ஒரு கொத்து இலவசம் என்று சொல்லி வாயை அடைத்தார்கள். 1967 நவம்பரில் ரூபாவின் மதிப்பு 20 சதவீதம் வெட்டப்பட்டது.

1970-ல் அந்த இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவோம் என்ற வாக்குறுதியோடு ஐக்கிய முன்னணி வென்றது. கொடுக்கவும் செய்தது, விலைக்கு. ஆனால் 1973-ல் உலகில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஒருசேரப் பாய்ந்தபோது அந்த ஆட்சியும் பங்கீட்டைக் குறைத்தது. ஒரு ஜில்லாவிலிருந்து மறு ஜில்லாவுக்கு அரிசி கொண்டுபோவதைத் தடுக்கச் சாலையில் காவல் போட்டது. நாட்டுக்கு அந்நிய நாணயம் தேடித்தந்த தோட்டத் தொழிலாளி, நெல் வயல் இல்லாதவன், 1948-லேயே பிரஜாவுரிமையும் பறிக்கப்பட்டவன். 1974-ல் மலைநாட்டு லயங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. இடதுசாரி மந்திரிகள் வீற்றிருந்த அரசாங்கத்தின் காலத்தில்தான் இதுவும் நடந்தது. வெளிநாட்டு வங்கியைத் திட்டிவிட்டு இதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

1977-ல் ஐந்தில் நாலு பங்குக்கு மேற்பட்ட ஆசனங்களோடு ஆட்சிக்கு வந்தவர் யார்? 1953-ல் கொத்து அரிசியில் கைவைத்த அதே ஜே. ஆர். ஜயவர்த்தனா. இம்முறை அவர் போர்க்கப்பலில் ஏறவேண்டிய அவசியம் நேரவில்லை. எல்லோருக்கும் இருந்த கூப்பனை 1978 ஜனவரியில் மாதம் 300 ரூபாவுக்குக் கீழ் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார். 1979 செப்டம்பரில் அரிசியே கிடையாது, ரூபாக் கணக்கில் உணவு முத்திரை என்றார். சாமர்த்தியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. கொத்து என்பது கொத்துதான். விலை எவ்வளவு ஏறினாலும் அது ஒரு கொத்து அரிசி. முத்திரையோ ரூபா. விலை ஏற ஏற அது தானாகவே சுருங்கும். அதைக் குறைக்கப் பாராளுமன்றத்தில் பிரேரணை வேண்டியதில்லை, ஹர்த்தாலும் வராது. சில ஆண்டுகளுக்குள் அந்த முத்திரையின் வாங்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 1980 ஜூலையில் மாதச் சம்பளத்தில் 300 ரூபா கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த அரசாங்க ஊழியர்களில் 40,000 பேருக்கு மேற்பட்டோர் வேலையை இழந்தார்கள்.

மகாவலி அணைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 30 ஆண்டுத் திட்டத்தை 6 ஆண்டில் முடிக்கப்போவதாகச் சொல்லி அந்நிய அரசாங்கங்களை அழைத்தார்கள். விக்டோரியாவைப் பிரிட்டன் கட்டிற்று, கொத்மலையைச் சுவீடன், ரந்தெனிகலையை மேற்கு ஜெர்மனி, மாதுறு ஓயாவைக் கனடா. விக்டோரியாவுக்குப் பிரிட்டிஷ் அரசாங்கம் கொடுத்த நன்கொடை பிரிட்டிஷ் பொறியியலாளருக்கும் பிரிட்டிஷ் காண்ட்ராக்ட் கம்பெனிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. தன் வலது கைப் பணத்தை இடது கைக்கு மாற்றிவிட்டு அதை நம் பெயரில் எழுதிக்கொள்ளும் முறை இது. அணை பொய்யல்ல, அது மின்சாரம் தருகிறது, வயலுக்கு நீர் தருகிறது. அதை மறுப்பவன் மூடன். ஆனால் எந்த அணை, எந்த வேகத்தில், யார் கையால் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கொழும்பில் மட்டும் எழுதப்படவில்லை.

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். இப்போதெல்லாம் கடன் கொடுப்பவர்கள் "நல்லாட்சி" என்ற சொல்லை மந்திரம் போல் ஜபிக்கிறார்கள். எண்ணெய்க் கம்பெனிக்கு நட்டஈடு தாமதமானதற்காக 1963-ல் உதவியை நிறுத்தியவர்களின் உலகம், 1983 ஜூலையில் தமிழர்கள் வீதியில் எரிக்கப்பட்டபோது என்ன செய்தது? 1985 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் நேரில் வந்து விக்டோரியா அணையைத் திறந்துவைத்தார்.

வேலியே பயிரை மேய்ந்தது

நல்லாட்சிப் பேச்சு முழுவதும் பொய் என்று சொல்லவரவில்லை. 2022-ல் இலங்கை விழுந்ததற்கு அந்நியன் மட்டும் காரணமல்ல. 2019 டிசம்பரில் கோத்தபாய ராஜபக்ச அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. அந்த வரிக்குப் பதியவேண்டிய வியாபாரத்தின் எல்லையை ஆண்டுக்கு 1 கோடி 20 லட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்திற்று. 30 கோடிக்கு வியாபாரம் செய்பவன் யார், தெருவோரத்துப் பெட்டிக்கடைக்காரனா? 2021-ல் நாட்டின் வரி வருமானம் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே இறங்கிற்று. உலகிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் அது ஒன்று. அதே ஆண்டு ஒரே உத்தரவில் இரசாயன உரத்தைத் தடைசெய்து விவசாயியின் கழுத்தில் கால்வைத்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தும்போது அந்தப் போகம் கெட்டுப்போயிருந்தது. கிராமத்து விவசாயி ஒருவனிடம் கேட்டிருந்தாலே போதும், கேட்கவில்லை.

2022 ஜனவரி 18-ல் மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத நேரத்தில், வெளிநாட்டுப் பிணைமுறிக்காரர்களுக்கு 50 கோடி டொலரை ஒரு சதம் குறையாமல் எண்ணி வைத்தார்கள். ஏப்ரல் 12-ல் இனிக் கொடுக்க முடியாது என்று கைவிரித்தார்கள். ஜூலையில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள், ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். செப்டம்பரில் விலைவாசி முந்திய ஆண்டைவிட 70 சதவீதமும், உணவு விலை ஏறக்குறைய 95 சதவீதமும் ஏறியிருந்தது. உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டிலேயே வறுமை ஓராண்டில் 13 சதவீதத்திலிருந்து 25 ஆயிற்று.

அந்த மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் அரிசி வந்தது. மொத்தம் 40,000 தொன் அனுப்புவதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்திருந்தது, பால்மாவும் மருந்தும் சேர்த்து. மூட்டையோடு நிபந்தனைத் தாள் எதுவும் வரவில்லை. டில்லியின் கடன் விஷயம் வேறு. திருகோணமலை எண்ணெய்க் குதங்களின் ஒப்பந்தம் கையெழுத்தானதும், டில்லியிடம் டொலருக்குப் பேச்சு நடந்ததும் அதே 2022 ஜனவரியில்தான். 1952-ல் அரிசி தந்த சீனமும் 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. கொடியின் நிறத்தைப் பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் பழக்கம் யாருக்கும் நல்லதல்ல.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ராஜபக்ச சகோதரர்கள் மூவரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொதுமக்களின் நம்பிக்கைக்குத் துரோகம் இழைத்தார்கள் என்று தீர்ப்பளித்தது. தண்டம் எவ்வளவு? மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு, தலைக்கு 1,50,000 ரூபா.

நாணய நிதியமும் 2023 செப்டம்பரில் இலங்கையின் ஆட்சிமுறை ஊழலைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சொத்து விபரம் வெளியிடு, டெண்டர்களைப் பகிரங்கப்படுத்து, பெரிய முதலீட்டாளர்களுக்கு இரகசியமாக வரிவிலக்குக் கொடுக்கும் சட்டத்தை நிறுத்து என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல யோசனைகள்தாம், நாமும் கேட்டவைதாம். ஆனால் வரிசையைப் பாருங்கள். மின்சாரக் கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏற்றப்பட்டது. இரண்டாவது ஏற்றம், கடனுக்குக் கையெழுத்திடுமுன்பே நிறைவேற்றவேண்டிய காரியமாக இருந்தது. மார்ச் 20-ல் சுமார் 300 கோடி டொலர் கடன், நான்கு ஆண்டுகளில் தவணை தவணையாகத் தர, மஞ்சூராயிற்று. ஊழல் அறிக்கை வந்தது அதற்கு ஆறு மாதம் கழித்து. பில் முந்திக்கொண்டது, திருடனைத் தேடுவது பிந்திற்று. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. 2019-ல் கோடீஸ்வரனுக்குக் கொடுத்த சலுகையின் நஷ்டத்தை, சவர்க்காரம் வாங்குகிறவன் ஈடுசெய்தான்.

சமுர்த்தி போய் 2023-ல் "அஸ்வெசும" வந்தது. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, அதற்கு மேல் உள்ள படிகளுக்கு 8,500, 5,000, 2,500 என்று தொடங்கினார்கள். 1979-ன் முத்திரையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

சேமலாப நிதியில் நடந்தது

இனி நம் வாசகர்களில் பெரும்பாலோரை நேராகத் தொடும் விஷயத்துக்கு வருவோம். ஊழியர் சேமலாப நிதி 1958-ன் சட்டத்தால் பிறந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் அதில் சேர்கின்றன. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளுக்கும், ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவளுக்கும் முதுமையில் இருக்கும் ஒரே மூலதனம் அது. நிதியின் பணத்தில் பெரும்பகுதி திறைசேரியின் பிணைமுறிகளில் கிடக்கிறது.

நாட்டின் கடனைச் சீரமைக்கவேண்டும் என்றபோது, உள்நாட்டில் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்திருந்தவர்களில் யார் மீது கை விழுந்தது? வங்கிகள் வைத்திருந்த பிணைமுறிகள் மீது விழவில்லை. தனிப்பட்ட பணக்காரர்களும் கம்பெனிகளும் வைத்திருந்தவற்றின் மீதும் விழவில்லை. ஓய்வுக்கால நிதிகள் மீது விழுந்தது. பழைய பிணைமுறிகளைக் கொடுத்துவிட்டு, சில ஆண்டுக்கு 12 சதவீதமும் அதன்பிறகு 9 சதவீதமும் வட்டிதரும் புதியவற்றை வாங்கிக்கொள். மறுத்தால் உன் வருமானத்தின் மீதான வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும் என்றார்கள். இதற்குப் பெயர் "விருப்பத்தின் பேரிலான" மாற்று! 2023 ஜூலை 1, சனிக்கிழமை, பாராளுமன்றத்தில் 122-க்கு 62 என்ற வாக்குகளால் இது நிறைவேறியது.

அரசாங்கத்தரப்பு நியாயத்தையும் கேட்போம். வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, வங்கி விழுந்தால் கோடிக்கணக்கான சேமிப்புக் கணக்குகள் விழும் என்றார்கள். இதில் உண்மை இருக்கிறது. வங்கிகளைக் கவிழ்த்துவிடு என்று எந்தப் பொறுப்புள்ள தொழிற்சங்கமும் சொல்லாது. ஆனால் வங்கியைக் காப்பாற்றுவதற்கும், வங்கியல்லாத தனியார் கம்பெனியின் பிணைமுறிக்கு விலக்குக் கொடுப்பதற்கும் என்ன தொடர்பு? தொழிற்சங்கங்கள் கேட்ட இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை. சேமலாப நிதியின் அசலில் ஒரு சதமும் வெட்டவில்லையே என்றார்கள். அதுவும் உண்மை. அந்த அசலின் வாங்கும் சக்தியில் பெரியதொரு பங்கை 2022-ன் விலையேற்றம் அதற்கு முன்பே விழுங்கிவிட்டிருந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள்.

வெளிநாட்டுப் பிணைமுறிக்காரர்களுக்கு என்ன நேர்ந்தது? 2024 டிசம்பரில் அவர்களோடு பேரம் முடிந்தது. அசலில் 27 சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள் என்று பெரிதாக எழுதினார்கள். 2022-ல் நாடு விழுந்த நேரத்தில் அதே பத்திரங்கள் பாதிக்கும் குறைந்த விலைக்குச் சந்தையில் கிடந்தன. அப்போது வாங்கி வைத்தவனுக்கு 27 போனாலும் கொள்ளை லாபம். அதற்கு மேல் ஒரு ஷரத்து: நாட்டின் உற்பத்தி எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய தொகையும் வளரும். கொழுந்து பறிப்பவள் கூடுதலாக ஒரு கிலோ பறித்தால் அதில் நியூயோர்க்கில் இருப்பவனுக்குப் பங்கு உண்டு. அவளுடைய சேமலாபப் பத்திரத்தில் இப்படி ஒரு ஷரத்து இல்லை. நாடு வளர்ந்தாலும் தேய்ந்தாலும் அவள் வட்டி 12-லிருந்து 9-க்கு இறங்கும்.

இந்தப் பேரத்தின் கடைசிப் பகுதி முடிவதற்குள் ஆட்சி மாறிவிட்டது. மாற்றம் கேட்டு 2024 செப்டம்பரில் மக்கள் அநுரகுமார திஸாநாயக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். புதிய அரசாங்கம் நிதியத்தின் திட்டத்தையே தொடர்ந்தது. பிணைமுறிப் பேரத்திலும் தனக்கு முன் இருந்தவர்கள் ஒத்துக்கொண்ட வரையறைக்குள் நின்றே கையெழுத்திட்டது. கஜானா காலி என்பது அவர்கள் சொன்ன காரணம். காலிதான். ஆனால் சேமலாப நிதிக்கும் வெளிநாட்டானுக்குக் கொடுத்த அதே வளர்ச்சி ஷரத்தைக் கொடு என்று கேட்பதற்குக் கஜானாவில் இன்று பணம் இருக்கவேண்டியதில்லை. வளர்ச்சி வந்தால்தான் அந்தப் பணமும் வேண்டும். 30 கோடி எல்லை இருந்த ஆண்டுகளில் எந்தெந்தக் கம்பெனி எவ்வளவு வரியிலிருந்து தப்பியது என்ற பட்டியலை வெளியிடுவதற்கோ காகிதச் செலவு மட்டும்தான்.

சேமலாப நிதிக்குக் கொடுத்த புதிய பிணைமுறிகளில் முதலாவது 2027-லும் கடைசியானது 2038-லும் முதிர்கின்றன. 2023-ல் 40 வயதில் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய தொழிலாளிக்கு 2038-ல் 55 வயது. சட்டப்படி ஓர் ஆண் தன் சேமலாபப் பணத்தை எடுக்கும் வயது அதுதான். அந்தப் பணத்தில் எத்தனை கொத்து அரிசி வாங்கலாம் என்ற கணக்கை, தொழிற்சங்கங்கள் ஒவ்வோர் ஆண்டும் போட்டு நிதி மந்திரியின் மேசையில் வைக்கவேண்டும்.